ரூட் பண்ணின (சிஸ்டம் கோப்பையே மாத்த முழு உரிமை எடுத்த) டேப்ல பட்டன் வேலையை மாத்தினப்போ இன்னும் உறுத்துற ஒரு விஷயம் சொல்லுங்க

பழையடேப்:
பவர் பட்டன் செத்துப்போன ஏழு இஞ்ச் டேப், ஆண்ட்ராய்டு 6. வால்யூம் அப்பை பவர் ஆக்குற வேலை இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சிஸ்டம்/யுஎஸ்ஆர்/கீலேஅவுட் உள்ள ஜிபிஐஓ-கீஸ்.கேஎல் (எந்தப் பட்டன் நம்பருக்கு என்ன வேலைன்னு சொல்ற கோப்பு), அதுல "கீ 115 வால்யூம்_அப்" வரியை "கீ 115 பவர்"னு மாத்தி, பர்மிஷன் 644 (எல்லாரும் படிக்கலாம், ஓனர் மட்டும் எழுதலாம்), ரீபூட். (கோப்புக்குள்ள எல்லாம் இங்கிலீஷ்ல, பட்டன் பேரு பெரிய எழுத்துல. புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன்.) அமுக்கினா திரை அணையுது, மறுபடி அமுக்கினா எரியுது. வேலை முடிஞ்சுது.

சார்ஜர் ஒயரைக் கழட்டினா கதையே வேற. திரையை அணைச்சு மூணு வினாடியில அமுக்கினா எழுந்துக்குது. பத்து நிமிஷம் கழிச்சு அமுக்கினா கல்லு மாதிரி கிடக்குது. ஒயரைச் சொருகினதும் டக்குனு திரை வருது, அப்புறம் அதே பட்டன் ஒழுங்கா வேலை செய்யுது.

கேஎல் கோப்புல தப்பே இல்ல. அந்த டேப்போட கெர்னல்ல (ஆண்ட்ராய்டுக்கு அடியில ஹார்ட்வேரை ஓட்டுற நிரல்) வால்யூம் அப் பட்டனுக்கு "தூக்கத்துல இருந்து எழுப்பலாம்"ங்கற குறி கிடையாது. சிபியு சஸ்பெண்ட் ஆனதுக்கப்புறம் அந்த அமுக்கல் ஆண்ட்ராய்டு வரைக்கும் வரவே வராது. வராத சிக்னலை கேஎல் என்னன்னு மாத்தும்? சார்ஜர்ல இருக்கும்போது யுஎஸ்பி வேக்லாக் சிபியுவைத் தூங்க விடாது, அதனாலதான் அப்போ மட்டும் ஏமாத்துது. பார்க்கணும்னா ப்ராக்/டிவைஸ்-ட்ரீ (கெர்னலுக்கான ஹார்ட்வேர் விவரப் பட்டியல்) உள்ள ஜிபிஐஓ கீஸ் ஃபோல்டர்ல அந்தந்த பட்டனுக்குள்ள போய்ப் பாருங்க. "ஜிபிஐஓ-கீ,வேக்கப்" இல்லன்னா "வேக்கப்-சோர்ஸ்"னு ஒரு வெறும் கோப்பு இருந்தா எழுப்பும், இல்லன்னா எழுப்பாது. மாத்தணும்னா கெர்னலோட டிவைஸ் ட்ரீயையே மாத்தி புது பூட் இமேஜ் (கெர்னல் அடங்கின தொகுப்பு) போடணும்.

சோதிக்கும்போது ஒயரைக் கழட்டிட்டு, பத்து நிமிஷம் விட்டுட்டுச் சோதிங்க. அவ்வளவுதான்.

வெறும்ரூட்:
கெட்இவென்ட் (எந்தப் பட்டன் அமுங்குதுன்னு காட்டுற கமாண்ட்) காட்டுற நம்பரை அப்படியே கோப்புல போட்டா என்ன ஆகும்னு சொல்றேன். வால்யூம் அப் அமுக்கினா 0001 0073 00000001னு வரும். அந்த 73 ஹெக்ஸ் (16 அடிமான எண்). கேஎல்ல முன்னாடி ஒண்ணும் போடாம 73னு எழுதினா டெசிமல்னு எடுத்துக்கும். 73ங்கறது நம்பர் பேட் 9. ஹெக்ஸ் 73 = 115, ஹெக்ஸ் 72 = 114, ஹெக்ஸ் 74 = 116. ரீபூட் ஆச்சு, எந்த எரரும் இல்ல, எதுவும் மாறவும் இல்ல. நம்பர் பேடே இல்லாத டேப்ல 9க்கு வேற வேலை கொடுத்து வெச்சிருக்கும். கெட்இவென்ட்டை -எல் போட்டு ஓட்டினா கீ_வால்யூம்அப்னு பேரே வரும், குழப்பமே இல்ல.

நள்ளிரவுரீபூட்:
மாத்தினது எதுவுமே ஏறாம போனது இங்கேயும் நடந்துச்சு. 114ஐ பேஜ்_டவுன், 115ஐ பேஜ்_அப், புத்தகம் படிக்க. கோப்பு இருக்கு, பர்மிஷன் 644, ஓனர் ரூட். ஆனா பட்டன் அமுக்கினா சத்தம்தான் ஏறி இறங்குது. காரணம் ரெண்டு. ஒண்ணு, பழைய வரியை அழிக்காம கீழ புதுசா ஒரு வரி சேர்த்தது. ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா கடைசி வரிதான் எடுபடும்னு நினைக்கறது தப்பு, மொத்தக் கோப்பையே தூக்கிப் போட்டுடும். பழசு முன்னாடி # போட்டுடணும். ரெண்டு, விண்டோஸ் நோட்பேட்ல எடிட் பண்ணினது. வரி முடிவுல ஒட்டிக்கிற அந்த விண்டோஸ் எழுத்தாலதான் கோப்பு படிக்க முடியாம போகுது. நோட்பேட்++ போட்டு யுனிக்ஸ் வரி முடிவுக்கு மாத்திட்டு ஏத்துங்க.

கம்பிமுனை:
முதல் காரணம் சரி. இரண்டாவது தவறு, எல்லா இடத்திலும் இதையே திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். கேஎல் கோப்பைப் படிக்கும் நிரல், இடைவெளி, டேப் எழுத்து (கீபோர்டில் உள்ள டேப்), விண்டோஸ் வரிமுடிவில் வரும் அந்தக் கேரேஜ் ரிட்டர்ன் ஆகிய மூன்றையும் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தாண்டுகிறது. நோட்பேடின் உண்மையான குற்றம் வேறு: "யுடிஎஃப்-8" என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டு பிஓஎம் குறியை ஒட்டிவிடும் பதிப்புகள் உண்டு. முதல் வரி கமென்ட்டாக இருந்தாலும், நிரல் # எழுத்துக்கு முன்னால் அந்தக் குறியைப் பார்த்து "கீ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது" என்று நின்றுவிடும். நோட்பேட்++ போட்டுச் சரியாகியிருந்தால் அது பிஓஎம் போனதால், வரிமுடிவு மாறியதால் இல்லை.

கோப்பு ஏன் சத்தமில்லாமல் நிராகரிக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வரி பிழை என்றாலும் முழுக் கோப்பும் கைவிடப்படும். கைவிட்டதும் ஆண்ட்ராய்டு ஜெனரிக்.கேஎல் என்ற பொதுக் கோப்புக்குப் போகும். அதில் 114, 115, 116 எல்லாம் வழக்கமான அர்த்தத்தோடு இருக்கின்றன. அதனால்தான் டேப் கெட்டுப்போனதுபோல் தெரியாமல், எதுவும் நடக்காததுபோல் தெரிகிறது. ரீபூட் ஆன உடனே லாக்கேட்டை (ஆண்ட்ராய்டின் நிகழ்வுப் பதிவு) எடுத்து அதில் கீலேஅவுட்மேப் என்ற டேகைத் தேடுங்கள். வரி எண்ணோடு சொல்லும்.

அடிக்கடி பார்ப்பவை: பெயரைச் சின்ன எழுத்தில் அடிப்பது, பேஜ்_அப் என்பதில் அடிக்கோட்டை விடுவது, ஆண்ட்ராய்டு 4.4 காலத்துக் கோப்பை அப்படியே கொண்டுவருவது. அந்தக் காலத்தில் வரியின் கடைசியில் "வேக்" என்று ஒரு கொடி போடலாம். 5.0இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் பழைய கையேட்டைப் பார்த்து அந்தச் சொல்லைச் சேர்க்கிறவர்களின் கோப்பு அந்த வரியிலேயே செத்துவிடும். தூக்கத்திலிருந்து எழுப்ப மட்டும் ஒரு பட்டன் வேண்டுமென்றால் "வேக்கப்" என்ற தனி கீ பெயரே இருக்கிறது, ஜெனரிக்.கேஎல் கோப்பில் 143க்கு நேராகப் பார்க்கலாம். பவர் போலத் திரும்ப அமுக்கினால் அணைக்காது, எழுப்ப மட்டும் செய்யும். பழையடேப் சொன்ன கெர்னல் தடை இதற்கும் பொருந்தும்.

பர்மிஷனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரூட் ஃபைல் மேனேஜர் சில சமயம் 600 என்று வைத்துவிடும். கோப்பைப் படிப்பது சிஸ்டம் சர்வர், அது ரூட் யூசர் இல்லை. படிக்க முடியாத கோப்பை அது பிழை என்றுகூடச் சொல்லாது, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அடுத்ததுக்குப் போய்விடும். லாக்கேட்டில் ஒரு வரியும் வரவில்லையென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவரிகோப்பு:
பேருக்கு ஏத்த கதைதான். சிஸ்டம் பார்ட்டிஷனைத் தொடாம பண்ண ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு கேஎல் தேடுறப்போ முதல்ல வெண்டர்_ப்ராடக்ட் நம்பர் பேர்ல இருக்கிற கோப்பை எல்லா இடத்திலேயும் தேடும், கிடைக்கலன்னாதான் டிவைஸ் பேரு, கடைசியில ஜெனரிக். அந்த இடங்கள்ல டேட்டா/சிஸ்டம்/டிவைசஸ்/கீலேஅவுட் ஃபோல்டரும் ஒண்ணு. டம்ப்சிஸ் இன்புட்னு கமாண்ட் அடிச்சா ஜிபிஐஓ-கீஸ் கீழ "ஐடென்டிஃபையர்" வரி வரும், பெரும்பாலும் வெண்டர் 0001, ப்ராடக்ட் 0001. அப்போ வெண்டர்_0001_ப்ராடக்ட்_0001.கேஎல்னு ஒரு கோப்பை அந்த டேட்டா ஃபோல்டர்ல போட்டா, சிஸ்டம்ல இருக்கிற ஜிபிஐஓ-கீஸ்.கேஎல்லை முந்திக்கும். ஃபோல்டர் இல்லன்னா உருவாக்கி 755, கோப்புக்கு 644, ரெஸ்டோர்கான் -ஆர் (பாதுகாப்புக் குறியைச் சரிபண்ற கமாண்ட்) ஒரு தடவை, ரீபூட்.

இப்போ உறுத்துற விஷயம். அந்தக் கோப்புல "கீ 115 பேஜ்_அப்"னு ஒரே வரி. ரீபூட் ஆச்சு. பக்கம் திரும்புது. பவர் பட்டன் அமுக்கினா ஒண்ணும் இல்ல. வால்யூம் டவுனும் இல்ல. திரை தானா அணைஞ்சதும் எழுப்ப வழியே இல்ல. கோப்புகள் ஒண்ணோடொண்ணு சேராது, ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிடும். அந்த டேப்ல பவரும் அதே ஜிபிஐஓ-கீஸ்ல இருந்தது. ஏடிபி (கம்ப்யூட்டர்ல இருந்து டேப்புக்குக் கமாண்ட் கொடுக்கிற வழி) ஏற்கெனவே அனுமதிச்சு வெச்சிருந்ததால கோப்பை அழிச்சு ரீபூட் பண்ண முடிஞ்சுது. முதல்ல பழைய கோப்பை முழுசா காப்பி பண்ணுங்க, அதுல ஒரு வரியை மாத்துங்க.

எஸ்2_இடக்கை:
சாம்சங் டேப் எஸ்2. ரீசன்ட்ஸ் இடது, பேக் வலது. செக்_டச்கீ.கேஎல்ல 158 பேக், 254 ஆப்_ஸ்விட்ச். ரெண்டு பேரையும் இடம் மாத்தினா போதும். கண்ணாடியில அச்சடிச்ச படம் மட்டும் மாறாது, இன்னொருத்தர் கையில கொடுத்தா திட்டுவாங்க.

பாதிவால்யூம்:
வால்யூம் அப் மாறுது, வால்யூம் டவுன் மாறவே மாட்டேங்குது. ஒரே கோப்புல ரெண்டு வரியும் சரியா இருக்கு. குவால்காம் சிப் போட்ட டேப் வெச்சிருக்கறவங்க இதுல கண்டிப்பா ஒரு நாள் மாட்டுவீங்க. அதுல பவரும் வால்யூம் டவுனும் நிறைய போர்டுல பவர் சிப்போட நேரா இணைச்சிருப்பாங்க, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா ஹார்ட்வேர் ரீசெட் ஆகறதுக்கு. அது க்யூபிஎன்பி_பான்னு தனி இன்புட் டிவைஸ். வால்யூம் அப் மட்டும் ஜிபிஐஓ-கீஸ். பக்கத்துல பக்கத்துல ஒரே பிளாஸ்டிக் துண்டுல இருக்கிற ரெண்டு பட்டன், உள்ள ரெண்டு வேற டிவைஸ். கெட்இவென்ட்ல வரி ஆரம்பத்துல இவென்ட்0, இவென்ட்3ன்னு நம்பர் மாறுதான்னு பாருங்க. மாறினா க்யூபிஎன்பி_பான்.கேஎல்னு புதுக் கோப்பு. அதுல 114 மட்டும் இல்ல, "கீ 116 பவர்" வரியும் கட்டாயம். ஏன்னு மேல ஒருவரிகோப்பு சொல்லிட்டார்.

ஆப்பேபோதும்:
எதுக்கு இவ்வளவு பாடு? கீ மேப்பர் ஆப் போடுங்க. ரூட்டே வேண்டாம், அக்சசிபிலிட்டி ஆன் பண்ணினா போதும். ஒரு அமுக்கல் ஒண்ணு, நீண்ட அமுக்கல் இன்னொண்ணு, ரெண்டு தடவை அமுக்கினா மூணாவது வேலை. ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாவும் வைக்கலாம். படிக்கிற ஆப் திறந்திருக்கும்போது மட்டும் வால்யூம் பட்டன் பக்கம் திருப்பட்டும், பாட்டு கேக்கும்போது சத்தத்தை மாத்தட்டும். கேஎல்ல இது எதுவும் நடக்காது, ஒரு நம்பருக்கு ஒரு பேரு, எப்பவும் அதேதான். தப்பா வெச்சாலும் ஆப்பை அழிச்சா முடிஞ்சுது, பூட்லூப் (திரும்பத் திரும்ப ரீபூட் ஆகறது) பயம் கிடையாது. பேட்டரி சேவர்ல இருந்து ஆப்பை விலக்கி வைங்க, இல்லன்னா பின்னணியில செத்துடும். அப்டேட் வந்ததும் அக்சசிபிலிட்டி ஆஃப் ஆயிருக்கான்னு பாருங்க. கேஸ் போட்ட டேப்பா இருந்தா பட்டன் மேல கேஸ் அழுத்துதான்னும் பாருங்க. ரூட் பண்ணினா நிறைய பேங்க் ஆப் ஓடாது, அதையும் யோசிங்க.

கம்பிமுனை:
ரூட் செய்த டேப்பைப் பற்றிய திரியில் ரூட் வேண்டாம் என்கிறீர்கள். நீண்ட அமுக்கல், ஆப்புக்குத் தனி என்பதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், பக்கம் திருப்ப மட்டும் என்றால் நீங்கள் சொல்வதே நல்ல வழி. ஆனால் பவர் பட்டன் அக்சசிபிலிட்டி வழியாக வராது. திரை அணைந்திருக்கும்போதும் அந்த வழியில் ஆப்பால் பட்டனைப் பிடிக்க முடியாது. இங்கே பேச்சு ஆரம்பித்ததே செத்த பவர் பட்டனில்தான்.

ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு வந்த டேப்களில் சிஸ்டமை எழுதக்கூடியதாக மவுன்ட் செய்வதற்கே பெரும்பாலும் வழியில்லை, அங்கே மேஜிஸ்க் மாட்யூல்தான் (ரூட் கொடுக்கும் மேஜிஸ்க் கருவி, சிஸ்டமை மாற்றாமல் அதன் மேல் நம் கோப்பை வைக்கும் பொதி). டேட்டா/ஏடிபி/மாட்யூல்ஸ் கீழே ஒரு ஃபோல்டர், அதில் மாட்யூல்.ப்ராப், கூடவே சிஸ்டம்/யுஎஸ்ஆர்/கீலேஅவுட் என்ற அதே அமைப்பு. அசல் கோப்பு வெண்டர் பார்ட்டிஷனில் இருந்தால் மாட்யூலில் சிஸ்டம்/வெண்டர்/யுஎஸ்ஆர்/கீலேஅவுட். வெண்டர் என்று நேராகப் போட்டு ஏறவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்கவும். ரெக்கவரி, பூட்லோடர் பட்டன் கூட்டுகளை இது எதுவும் தொடாது, அவை கேஎல் கோப்பைப் படிப்பதே இல்லை.

ஒட்டியபட்டன்:
அந்தக் கடைசி வரியில இருந்துதான் என் டேப்போட தலைவலி ஆரம்பம். வால்யூம் டவுன் பட்டன் உள்ள ஒட்டிக்கிச்சு, எப்பவும் அமுங்கின நிலை. ஒவ்வொரு பூட்டும் சேஃப் மோடுல (நாம போட்ட ஆப் ஓடாத நிலை) ஏறுது, ஏன்னா ஆண்ட்ராய்டு பூட் ஆகும்போது வால்யூம் டவுன் அமுங்கியிருக்கான்னு பார்க்கும். அது கேஎல் வழியா பார்க்கறது, அதனால 114 வரி முன்னாடி # போட்டா பட்டனே இல்லாத மாதிரி ஆயிடும். போட்டது மேஜிஸ்க் மாட்யூலா. ரீபூட் பண்ணினா மறுபடி சத்தம் தானா பூஜ்ஜியத்துக்கு இறங்குது, மாட்யூல் லிஸ்ட்ல எல்லாமே ஆஃப். திரும்ப ஆன், ரீபூட், திரும்ப ஆஃப்.

மேஜிஸ்க் புதுப் பதிப்புகள்ல அதுக்கே சொந்தமா ஒரு சேஃப் மோடு சோதனை இருக்கு. பூட் நடுவுல வால்யூம் டவுன் பிடிச்சிருந்தா எல்லா மாட்யூலையும் அணைச்சுடும். அது கெர்னல் கிட்ட நேரா கேக்குது, கேஎல்லைப் பார்க்கறதில்ல. பட்டனை மறைக்கற மாட்யூலை அந்தப் பட்டனே அணைச்சுடுது.

ஒருவரிகோப்பு சொன்ன டேட்டா ஃபோல்டர் வழிதான் கை கொடுத்துச்சு. வெண்டர்_0001_ப்ராடக்ட்_0001.கேஎல், முழுக் காப்பி, 114 முன்னாடி #. அது மாட்யூல் இல்லாததால மேஜிஸ்க் அதைத் தொடாது.

பழையடேப்:
@ஒட்டியபட்டன் மத்த மாட்யூல் எதுவும் இப்போ ஓடலையே அப்போ?

ஒட்டியபட்டன்:
ஓடல. அதுக்கு டேப்பைத் திறந்து பட்டனோட ஃப்ளெக்ஸ் கனெக்டரைக் கழட்டணும். அந்த ஒயர்லயே பவரும் வருது.