பாஸ்வேர்டு மாற்றியும் மெயில் வெளியே போகிறது, உதவி தேவை

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட். போன செவ்வாய்க்கிழமை நூல் சப்ளையர் பேரில் "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று மெயில், அதுவும் பழைய பில் பற்றிய பேச்சுக்கு நடுவிலேயே வந்ததால் கணக்குப் பார்க்கும் தம்பி 4,80,000 ரூபாயை அனுப்பிவிட்டார். அப்புறம் உற்றுப் பார்த்தால் முகவரியில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' ஒட்டி நிற்கின்றன. கண்ணாடி போட்டாலும் தெரியாது.

அன்றைக்கே சைபர் மோசடி புகார் எண் 1930க்குப் போன் செய்தாயிற்று, பேங்கிலும் எழுதிக் கொடுத்துவிட்டோம், அது தனிக் கதை. இப்போது தலைவலி வேறு. 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலையெல்லாம் தெரியாத முகவரிக்கு ஃபார்வர்டு செய்யும் ரூல் ஒன்று செட்டிங்கில் இருந்தது. அழித்தேன், பாஸ்வேர்டு மாற்றினேன், ஓடிபி போட்டேன், எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்தேன், விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் இரண்டையும் ஸ்கேன் செய்தேன். இரண்டே நாளில் அதே ரூல் மறுபடி!

மெயிலோடு இணைத்த வெளி ஆப் ஏதாவது அனுமதி வைத்திருக்குமோ என்று சந்தேகம், அதை எங்கே போய்ப் பார்த்து வெட்டுவது?