தத்தெடுத்த மகள் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாள்

வணக்கம். எங்கள் மகள் காப்பகத்திலிருந்து நாலு வயதில் எங்களிடம் வந்தவள். இப்போது ஆறு. தத்தெடுத்த விஷயம் அவளுக்குத் தெரியும், வீட்டில் அதைப் பற்றித் தாராளமாகவே பேசுவோம்.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பிஸ்கட், ரொட்டித் துண்டு என்று எதையாவது தலையணை உறைக்குள் திணித்து வைக்கிறாள். போன வாரம் உறையைக் கழற்றினால் பூஞ்சை பிடித்த ரொட்டி, கூடவே எறும்பு வரிசை. முன்பு இருந்து நின்றுபோன பழக்கம்தான். பள்ளிக்கூடம் மாறியதும் திரும்பிவிட்டது. ராத்திரி தூக்கமும் சரியில்லை, விழித்தவுடன் நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று தடவிப் பார்க்கிறாள்.

திட்டவில்லை, பிடுங்கவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கைக்கெட்டும் இடத்தில் அவளுக்கென்றே ஒரு டப்பா வைத்தோம். டப்பா அப்படியே இருக்கிறது, தலையணைதான் நிரம்புகிறது! சாப்பாட்டு நேரம் தவறுவதில்லை. குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை, குடற்புழு எல்லாம் பார்த்துவிட்டார், உடம்பில் குறையில்லை. ஆலோசகரோ "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பதோடு முடித்துக்கொண்டார். அலமாரியைப் பூட்டச் சொல்கிறார் மாமியார். அது அவளுடைய பழைய பயத்துக்குத் தீனி போடுவதாகிவிடும், அதனால் செய்ய மாட்டேன்.

இதே மாதிரிப் பிள்ளையை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் எதைச் செய்த பிறகு இது குறைந்தது?