மறுமொழி: மலைமுடி நகரத்துக்குச் ‘சிற்றுரு’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘Scale model’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் எழுந்த இந்தக் கேள்விக்கு என் மறுமொழி:

> ‘சிற்றுரு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நல்ல சொல்தான். ஆனால் சிறியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஊட்டிக் கடைகளில் விற்கும் தோடர் வீட்டுப் பொம்மை ஒன்று என் மேசையில் இருக்கிறது, உள்ளங்கை அளவில். உண்மையான வீட்டின் வாசல் ஏறக்குறைய மூன்றடிதான். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பொம்மையிலோ வாசல் பாதிச் சுவரை விழுங்கிவிட்டது. இதுவும் சிற்றுருதான், ஆனால் இதை அளந்து வீட்டை அறிய முடியாது.

நாங்கள் இங்கே பெயர்ப்பலகை எழுதும் மாதிரி அப்படியல்ல. அது பெரு நாட்டின் மலைமுடியில் இன்கா மக்கள் கட்டிய பழைய நகரமான மாச்சு பிச்சுவின் மாதிரி. 1:500. மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் மலையில் ஐந்து மீட்டர். நகரத்துக்குப் பின்னால் சுமார் 260 மீட்டர் எழும் வைனா பிச்சு சிகரம் இதில் 52 செ.மீ. எடுப்பாக இல்லை, உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. மறுத்துவிட்டோம். இரட்டித்தால் இன்கா மக்கள் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள் சுவர்போல் நிற்கும். ஊட்டி அருகே கேத்திப் பள்ளத்தாக்கின் படிக்கட்டுக் காய்கறித் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பிழையை உடனே பிடித்துவிடுவார்கள். அந்நகரமும் நம் உயரம்தான்: 2430 மீட்டர், ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கீழே.

‘அளவுரு’ வேறு பொருளில் (parameter) வேரூன்றிவிட்டது. ‘ஒப்பளவுரு’ என்றால் அசலின் அதே அளவு என்று தோன்றும்.

‘தாளவுரு’ என்னை வெகுநேரம் இழுத்தது. ஸ்தபதிகளின் சிலை அளவு முறைக்குத் தாளம் என்று பெயர். அதில் உத்தம தசதாளம் என்ற வகையில் படிமத்தின் உயரம் 124 பங்கு. சாண் உயரச் செப்புத் திருமேனியானாலும் ஆளுயரக் கற்சிலையானாலும் பங்கின் நீளம்தான் மாறும், எண்ணிக்கை மாறாது. நாம் தேடும் கருத்து இதுவேதான்! ஆனால் பலகை படிப்பவருக்குப் பாட்டுத்தாளமே முதலில் நினைவுக்கு வரும்.

ஆகவே என் பரிந்துரை ‘சீருரு’. எல்லோருக்கும் ஒரே உடை என்றால் சீருடை. எல்லாப் பக்கமும் ஒரே வீதத்தில் சுருங்கிய உரு என்றால் சீருரு. அந்த வீதத்துக்குச் ‘சீரளவு’ என்று வைத்துக்கொள்ளலாம். பலகையில் ‘சீருரு, சீரளவு 1:500’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். உயரத்தைக் கூட்டிச் செய்தவற்றை ‘உயர்மிகை மாதிரி’ என்போம். அவற்றுக்குச் சீருரு என்ற பெயர் கூடாது.

ஒரே ஒரு தயக்கம். ‘சீர்’ என்றதும் கல்யாணச் சீர்வரிசை யாருக்கேனும் முதலில் தோன்றுகிறதா? அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது, சொல்லுங்கள்.