மலைச் சைக்கிளைக் காரில் ஏற்ற எந்தத் தாங்கி நல்லது?

கேள்வி (ஹட்டன்):
காபன் சட்டகம் கொண்ட, 14 கிலோ எடையுள்ள என் மலைச் சைக்கிளை வாரந்தோறும் சிறிய காரில் நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. காரில் இழுவைக் கொக்கி இல்லை. கூரைத் தாங்கியா, பின்கதவில் பட்டிகளால் கட்டும் தாங்கியா என்று தீர்மானிக்க முடியவில்லை.

மறுமொழி (பண்டாரவளை):
வணக்கம் தம்பி. சட்டகத்தை நெரித்துப் பிடிக்கும் தாங்கியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கும் காபன் குழாய், பக்கவாட்டில் இறுக்கும் பிடியில் வெளியே தெரியாமலே வெடித்துவிடக்கூடும். சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கூரைத் தாங்கியே ஏற்றது. வாகனக் கையேட்டில் கூரையின் எடை வரம்பைப் பாருங்கள். குறுக்குச் சட்டங்களின் எடையையும் அதற்குள்ளேயே கணக்கிட வேண்டும்.

மறுமொழி (நானுஓயா):
பட்டித் தாங்கியை இரண்டு வருடம் பாவித்தவன் நான். மழையில் நனைந்த பட்டி வளைவுக்கு வளைவு தளர்ந்துகொண்டே போக, றம்பொடைக்குக் கீழே நிறுத்திப் பார்த்தபோது, பெடல் கதவின் வர்ணத்தை ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டியிருந்தது. பெடலைக் கழற்றாதது என் பிழைதான். பின்விளக்கும் இலக்கத் தகடும் மறைந்துபோவது மூடுபனியில் இன்னும் ஆபத்து.

மறுமொழி (பண்டாரவளை):
முன்சக்கரத்தைக் கழற்றி ஏற்றும் வகையென்றால், முன் அச்சு 15 மில்லிமீற்றர்தானா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். டிஸ்க் பிரேக் கட்டைகளுக்கிடையே ஓர் அட்டைத் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால், பயணத்தில் கைப்பிடி அழுந்தி அவை ஒட்டிக்கொள்ளும். கூரையில் சைக்கிள் நிற்பதை மறந்து தாழ்ந்த போர்ட்டிக்கோவுக்குள் நுழையாதிருக்க, ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன், 15தான்.