மறுகாலா, புறவழியா? பேனல் வண்டிக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

கழித்துப்போட்ட சோலார் பேனலைக் கூரையாக வைத்து மூன்று சக்கர மின்வண்டி கட்டுவது பற்றிய கையேடு ஒன்று தயாராகிறது. படிக்கப்போகிறவர்கள் வெல்டிங் பட்டறைக்காரர்களும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும். பேனல், பேட்டரி, மோட்டார், கண்ட்ரோலர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டோம். வாயில் புழங்கும் சொல்லை மாற்றிப் பயனில்லை. இடிப்பது இரண்டே சொல்: பைபாஸ் டையோடு, பிளாக்கிங் டையோடு. (டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்.) இரண்டையும் ‘பாதுகாப்பு டையோடு’ என்று எழுதினால் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் விளங்காது.

முதலாவதற்கு என் பரிந்துரை ‘மறுகால் டையோடு’. குளத்துத் தண்ணீர் வேறு வழியில் வெளியேறுவதைத் திருநெல்வேலிப் பக்கம் ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். வினைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. அந்த டையோடு பேனலுக்குள் என்ன செய்கிறது என்று யாராவது விரித்து எழுதினால் சொல்லைச் சரிபார்க்கலாம்.

மடல் 2

> முதலாவதற்கு என் பரிந்துரை ‘மறுகால் டையோடு’.

ஐயா, சொல் அழகு. ஆனால் வேலை வேறு.

பழைய 250 வாட் பேனலை எடுத்துக்கொள்வோம். 60 செல், எல்லாம் ஒரே தொடர். பத்துப் பத்தாக ஆறு நெடுவரிசை. இரண்டு நெடுவரிசைக்கு, அதாவது 20 செல்லுக்கு, ஒரு டையோடு, ஆக மூன்று. பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கும். ஒரு செல்லின்மேல் நிழல் விழுந்தால் அதன் வழியே மின்னோட்டம் போக முடியாது. தொடர் என்பதால் மொத்தமும் அடைபடும். அப்போது அந்த 20 செல்லைச் சுற்றிக்கொண்டு டையோடு வழியாக ஓட்டம் போகும். மறுகால் பாய்வது குளம் நிறைந்து மிஞ்சும்போது. இங்கே மிச்சம் என்று எதுவும் இல்லை, ஏறக்குறைய முழு ஓட்டமும் சுற்றிப் போகிறது. அடைபட்ட ஊருக்குள் நுழையாமல் சுற்றிப்போகும் சாலைக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ‘புறவழி டையோடு’ என்றே வைக்கலாம். பஸ் ஏறத் தெரிந்த எல்லாருக்கும் புரியும்.

கையேட்டில் இந்தச் சொல் அடிக்கடி வரும் இடம் பேனல் சோதனை என்பதால் அதையும் எழுதுகிறேன். வெயிலில் இரு முனைக்கும் மல்டிமீட்டர் வைத்தால், இணைப்பு ஏதும் இல்லாத நிலையில், லேபிளில் போட்டிருக்கும் சுமார் 37 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பேனல் கொதிக்கும் நண்பகலில் 32, 33 வரை இறங்குவது இயல்பு. 22 முதல் 25 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஒரு டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். பாக்ஸ் மூடியைக் கழற்றி, நான்கு பட்டை முனைகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே அளந்தால் 12, 12, பூஜ்யம் என்று வரும். பூஜ்யம் வந்த இடம்தான் ஆள். சிலிக்கான் ஊற்றி அடைத்த பாக்ஸ் என்றால் அந்தப் பேனலை வாங்காமல் விடுவதே நல்லது.

மாற்றும்போது 15 ஆம்பியர், 45 வோல்ட் ஷாட்கி (குறைந்த வோல்ட்டே இழக்கும் டையோடு வகை) போதும். பேனலின் ஓட்டம் 9 ஆம்பியரைத் தாண்டாது. கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். தலைகீழாக வைத்தால் டையோடு எந்நேரமும் ஓட்டத்தைக் கடத்தும். பழைய கோளாறே திரும்ப வரும். சால்டரிங்குக்கு முன் பேனலைக் கண்ணாடி கீழாகக் கவிழ்த்துக் கம்பளி விரித்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டாலே அது உயிரோடுதான் இருக்கும்.

எதிர்க்கோளாறும் உண்டு: டையோடு அறுந்துபோவது. வோல்ட் அளவில் அது தெரியவே தெரியாது, 37 அழகாகக் காட்டும். பேனலை வெளிச்சம் படாமல் துணியால் மூடியிருக்கும்போது மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இரு முனையையும் சேர்த்துவிட்டு, துணியை எடுத்து, மூன்று பகுதியிலும் ஒவ்வொரு செல்லை அட்டையால் மறைத்துப் பாருங்கள். டையோடு நலமென்றால் ஓட்டம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அறுந்திருந்தால் சட்டென்று விழும். அட்டையைச் சில விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. புறவழி இல்லாதபோது மற்ற 59 செல்லின் அழுத்தமும் மறைந்த ஒற்றைச் செல்லின் தலையில் விழுந்து அது வேகும். பின்தாள் பழுப்பேறுவது, கண்ணாடி விரிசல் விடுவது எல்லாம் இப்படித்தான். முடிந்ததும் பேனலை மூடிவிட்டுத்தான் ஒயரைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறி பறக்கும்.

மடல் 3

இலங்கைப் பாடநூல்களில் டையோடுக்கு ‘இருவாயி’ என்றே பல காலமாக இருக்கிறது, தமிழ்நாட்டில் ‘இருமுனையம்’. கையேடு இரு பக்கமும் போகும் என்றால் ‘புறவழி இருவாயி’ என்பதை அடைப்பில் ஒருமுறையாவது குறிப்பிடுங்கள். பட்டறையில் டையோடு என்பதுதான் இங்கும் வழக்கு, அதை மாற்றச் சொல்லவில்லை.

மடல் 4

மறுகாலை விட்டுக்கொடுக்கிறேன். வினைச்சொல் மட்டும் உறுத்துகிறது. ‘மின்னோட்டம் புறவழிகிறது’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ‘புறவழியில் போகும்’ என்று வைத்தால் தப்பிக்கலாம்.

மேலே ‘பகுதி’ என்று எழுதப்பட்டிருக்கும் 20 செல் கூட்டத்துக்கும் சொல் தேவை. ‘துணைத்தொடர்’ என்றால் தேர்வுத்தாள் வாசம் அடிக்கிறது. ‘பாத்தி’ எப்படி? ஒரு பேனலில் மூன்று பாத்தி.

இரண்டாவது சொல்லை யாரும் தொடவில்லையே?

மடல் 5

பாத்தி நன்றாக இருக்கிறது. வயலில் ஒவ்வொரு பாத்திக்கும் வாய்க்காலிலிருந்து தனி மடை, இங்கே ஒன்றன் பின் ஒன்று என்ற வேறுபாட்டைப் படமே காட்டிவிடும். வண்டிக்கு அந்தச் சொல் மிகவும் பயன்படும். பாத்தி பேனலின் நீளவாக்கில் ஓடுகிறது. நீளப் பக்கத்தின் ஓரமாக நிழல் விழுந்தால் ஒரு பாத்திதான் போகும். அகலப் பக்கத்து விளிம்பில் ஒரு சாண் நிழல் விழுந்தாலும் மூன்று பாத்தியும் ஒரேயடியாகப் படுக்கும். ஆகவே ஓட்டுநர் மறைப்பு, சுமைக்கம்பி எதுவும் அகலப் பக்க விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பல வண்டிகளில் வாட் குறைவதற்குக் காரணம் பேனலின் வயது அல்ல, இந்தக் கம்பிதான்.

பிளாக்கிங் டையோடு: இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு ஓட்டம் திரும்பிவிடாமல் நிறுத்துவது, பேனலோடு தொடரில் இருப்பது. பம்புசெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு செய்யும் அதே வேலை. ‘திரும்பவிடா டையோடு’ என்பேன். பேச்சுநடை என்று முகம் சுளிக்க வேண்டாம், ‘எதிரோட்டத் தடுப்பி’யைவிட இது வாயில் நிற்கும்.

ஆனால் இந்த வண்டிக்கு அது வேண்டியதில்லை. ஒரே பேனல், பேட்டரி 48 வோல்ட், நடுவே வோல்ட்டை ஏற்றித்தரும் எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்த அளவு அதிக வாட்டை எடுக்கும்) சார்ஜ் கண்ட்ரோலர். திரும்பும் ஓட்டத்தைக் கண்ட்ரோலரே தடுக்கும். தனியாக ஒன்றைச் செருகினால் 8 ஆம்பியரில் அரை வோல்ட் போய், 4 வாட் வெறும் சூடாகும். நேரடியாகச் சார்ஜ் செய்யும் மலிவு கண்ட்ரோலரும் 24 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும் வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் 29.2 வோல்ட். சூடான பேனல் வேலை செய்யும்போது 25, 26 வோல்ட்தான் கொடுக்கும். ஒரு பாத்தி போனால் 17. அத்தோடு சார்ஜ் நின்றது.

மடல் 6

கையேட்டில் இப்படிப் போகிறது:

‘பேனலில் மூன்று பாத்தி. நிழல் விழுந்த பாத்தியை விட்டுவிட்டு மின்னோட்டம் புறவழியில் போகும்; அதற்கு வழிவிடுவது புறவழி டையோடு (இலங்கை வழக்கு: புறவழி இருவாயி). இந்த வண்டியில் திரும்பவிடா டையோடு பொருத்த வேண்டாம்.’

படத்தில் பாத்திகளுக்கு எண் இடுவதா, அ, ஆ, இ போடுவதா? பிளஸ் முனையிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.