காரைக்குடியில் பார்த்த பழைய தேக்குப் புத்தக அலமாரி, பின்பலகையில் மாவு கொட்டுகிறது: வாங்கலாமா?

மதுரைவாசி

வணக்கம். அப்பா சேர்த்த புத்தகங்கள் ஐந்நூறு இருக்கும், எல்லாம் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்று போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினேன். ஒரு அலமாரி மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆறரை அடி உயரம், நாலடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். இரட்டைக் கண்ணாடிக் கதவு, ஐந்து தட்டு. பிரித்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கு, நூறு வருஷம் இருக்கும் என்கிறார் கடைக்காரர். 42,000 ரூபாய்.

பின்பலகையைத் தட்டினேன். குண்டூசித் தலை அளவுத் துளைகளிலிருந்து மைதா போல மாவு உதிர்ந்தது. பழைய மரம் என்றால் அப்படித்தான் என்கிறார் அவர். உள்ளே பச்சை பெயிண்ட், அங்கங்கே உரிந்திருக்கிறது. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். தேக்கில் பூச்சி வருமா? வாங்கலாமா?

ஆசாரி வீட்டுப் பிள்ளை

அண்ணா, பழைய மரம் என்றால் மாவு கொட்டும் என்பது சரியில்லை. வைரம் பாய்ந்த தேக்கை, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியை, மாவு தள்ளும் வண்டு சீண்டாது. மரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான் அதற்குத் தீனி, அதிலும் மாவுச்சத்து இருக்கும் வரைக்கும்தான். வருஷம் போகப்போக அந்தச் சத்து குறைந்துவிடும். மைதா போல மாவு தள்ளும் வண்டு நூறு வருஷ மரத்தில் புதிதாக ஏறுவது அரிது. அதனால் மாவு கொட்டுகிற பலகைக்கு அவ்வளவு வயது இருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். துளை எந்தெந்தப் பலகையில் இருக்கிறது? பின்பலகையை எந்த ஸ்க்ரூவில் முடுக்கியிருக்கிறார்கள், தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? மாவை விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கிறதா, கசகசா போல நெறுநெறுக்கிறதா? நெறுநெறுத்தால் அது உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையானின் எச்சம். அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மதுரைவாசி

தம்பி, இன்று திரும்பவும் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மாவு வழவழவென்றுதான் இருக்கிறது. துளைகள் பின்பலகையிலும் அடித்தட்டிலும் மட்டும். சட்டம், கதவு, பக்கப் பலகை எதிலும் இல்லை. பின்னால் எல்லாமே கூட்டல் குறி ஸ்க்ரூ, கதவுக் கீலில் ஒற்றைக் கோடு. நீங்கள் கேட்காத ஒன்றும் கண்ணில் பட்டது: பச்சை பெயிண்ட் பக்கங்களிலும் மேல்தட்டுகளிலும் இருக்கிறது, பின்பலகையிலும் அடித்தட்டிலும் இல்லை. அங்கே வெறும் பழுப்புச் சாயம்தான்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

அப்படியென்றால் விஷயம் தெளிவாகிவிட்டது அண்ணா. பெயிண்ட் அடித்ததற்கு அப்புறம்தான் அந்தப் பலகைகள் வந்திருக்கின்றன. கூட்டல் குறி ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, நூறு வருஷச் சாமானில் முதலிலிருந்தே இருக்க வழியில்லை. ஏதோ மலிவு மரத்தைப் போட்டு, தேக்குப் போலத் தெரியச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

மீதிக் கூடு, அதாவது சட்டமும் பக்கப் பலகையும், நல்ல தேக்கா என்பதை இப்படிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலின் அடியில் பிளேடால் நகக்கண் அளவு சுரண்டுங்கள். உள்ளே பொன்னிறமாக, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு, பழைய தோல்பை போல மணம் வந்தால் தேக்கு. வெளிறிப்போய் நார்நாராக வந்தால் சாயம் பூசிய வேறு மரம். மூலைகளில் கழுந்து செருகி (ஒரு கட்டையின் செதுக்கிய நுனியை அடுத்த கட்டையின் துளையில் நுழைத்து) மர ஆணி அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கப் பலகையின் உள்புறத்தைக் கையால் தடவினால் மெல்லிய அலை தட்டுப்படும், அது இழைப்புளி போன தடம். மிஷினில் ஓடிய பலகையில் அந்த அலை இருக்காது.

உளுத்த பலகையை மருந்து ஊற்றிக் காப்பாற்ற வேண்டாம். கழற்றி எரித்துவிட்டு நல்ல பலகை போடுங்கள். அப்புறம் சட்டத்தின் பாலிஷ் படாத பக்கங்களில் போராக்ஸ் கரைசல் தடவுங்கள். பாலிஷ் மேல் தடவினால் உள்ளே இறங்காது.

நூலகத்து அக்கா

தம்பி, மரத்தைவிட எனக்குக் கவலை அந்தப் பச்சை பெயிண்ட். பழைய பெயிண்ட்களில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குழந்தை இருக்கிற வீட்டில் உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்புத் தேய்த்துவிடாதீர்கள். அந்தத் தூசிதான் ஆபத்து. பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதும் ஈரத்தோடு வழித்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த வேலை கடையிலேயே முடியட்டும், அலமாரி வீட்டுக்கு வந்தபிறகு வேண்டாம்.

அடுத்தது எடை. புத்தகம் ஓரடிக்கு ஒன்பது, பத்து கிலோ வரும். நாலடித் தட்டு என்றால் நாற்பது கிலோ. முக்கால் அங்குலப் பலகை அந்த நீளத்துக்கு நடுவில் தொய்ந்துவிடும். தட்டின் முன்விளிம்புக்கு அடியில் ஒன்றரை அங்குல ரீப்பர் (நீளமான மெல்லிய மரச்சட்டம்) ஒட்டுங்கள், அல்லது நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள். ஐந்து தட்டும் நிரம்பினால் இருநூறு கிலோ, குழந்தை பிடித்து ஏறுவாள். மேல்சட்டத்தைச் சுவரோடு கண்டிப்பாக முடுக்கிவிடுங்கள்.

சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். இடைவெளிக்கு ஒரு மரக்கட்டை வைத்து அதன் வழியாகவே முடுக்கலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் கதவைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியில் கிடந்த புத்தகங்களை அப்படியே அடுக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக உதறி, முதுகு ஓரத்தில் காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகு வையுங்கள். நான் தட்டுக்கு ஒரு துணி முடிச்சில் வசம்பு வைப்பேன்.

சிங்கப்பூர் மாமா

படிக்கிறவர்களில் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைவு என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

மதுரைவாசி

எல்லோருக்கும் நன்றி. சுரண்டிப் பார்த்தேன், பொன்னிறம்தான், அந்தத் தோல் மணமும் வந்தது. ஸ்க்ரூவையும் சாயத்தையும் காட்டிப் பேசினேன். கடைக்காரர் மறுக்கவில்லை, 34,000க்கு ஒத்துக்கொண்டார். பின்பலகையும் அடித்தட்டும் கழற்றியாகிவிட்டது. சட்டத்தில் பழைய பலகை உட்கார்ந்திருந்த காடி (நீளப் பள்ளம்) அப்படியே இருக்கிறது, தேக்குப் பலகை இழைத்து அதிலேயே செருகப் போகிறோம். பெயிண்ட் வேலை அவர்கள் பட்டறையிலேயே நடக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். கதவுக் கண்ணாடியில் எதிர்க்கடைக் கம்பி நெளிந்து தெரிகிறது, ஓரத்தில் ஒரு நீர்க்குமிழும் இருக்கிறது. மாற்றச் சொல்கிறார்கள்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

மாற்றாதீர்கள் அண்ணா! அது அந்தக் காலத்துக் கண்ணாடி, போனால் அதேபோலக் கிடைப்பது கஷ்டம். வண்டியில் ஏற்றும்போது கதவைக் கழற்றி, போர்வை சுற்றி, நிற்கிற வாக்கில் கட்டச் சொல்லுங்கள், படுக்கப் போடக்கூடாது. கீல் ஸ்க்ரூக்களை எந்தக் கதவுக்கு எது என்று தனித்தனிப் பொட்டலமாக நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.