மறுவெளியீட்டுப் பெட்டியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா? (‘கே-ஏ’ கையேடும் ‘ஈ’ பெட்டியும்)

அட்டைப்பெட்டி:
நேற்று இன்னொரு இழையில் கறுப்புலேபிள் ஒரே போடாகப் போட்டார்: “பிளேயர்ஸ் சாய்ஸ் (நின்டெண்டோ), கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் (பிளேஸ்டேஷன்) போன்ற மலிவு விலை மறுவெளியீடுகளின் பெட்டி, கையேடு, உள்ளே வரும் தாள்கள் இதையெல்லாம் தனியாக ஸ்கேன் செய்வது வீண்வேலை. முதல் பதிப்பு இருந்தால் போதும். மற்றது ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை, அவ்வளவுதான்.”

படித்ததிலிருந்து ஆறவில்லை. வண்ணப் பட்டை மட்டும்தானா? பிளேஸ்டேஷன் 2-இல் சைலன்ட் ஹில் 2 வந்தது 2001-இல். சிவப்புப் பட்டை போட்டு வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் பதிப்பில் முதல் பதிப்பில் இல்லாத மரியாவின் கிளைக்கதையே இருக்கிறது. ஸ்பைரோ மூன்றாம் பாகத்தின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் டிஸ்கில் பிழைகளைத் திருத்தி, இசையையும் சேர்த்தார்கள். 1987-இல் மைக் டைசன் பெயரோடு வந்த பஞ்ச்-அவுட், 1990-இல் மிஸ்டர் ட்ரீம் முகத்தோடு மறுபடி வந்தது. முதல் செல்டாவின் தங்க நிற கார்ட்ரிட்ஜ் பிறகு கிளாசிக் சீரிஸில் சாம்பல் நிறமானது. இதெல்லாம் ‘பட்டை’யா?

என்னிடம் உள்ள ஒரு நின்டெண்டோ 64 பெட்டியைச் சொல்கிறேன். ஆட்டம் 1996-இல் வந்தது. பெட்டியின் பின்பக்கம் பதிப்புரிமை ஆண்டும் 1996 என்றே இருக்கிறது. ஆனால் முன்பக்க மூலையில், ஆட்டங்களுக்கு வயதுத் தரம் போடும் ஈ.எஸ்.ஆர்.பி.யின் ‘ஈ’ (எல்லாருக்கும்) முத்திரை. உள்ளே கையேட்டில் பழைய ‘கே-ஏ’ (சிறுவர் முதல் பெரியவர் வரை) முத்திரை. ‘கே-ஏ’வை எடுத்துவிட்டு ‘ஈ’யைக் கொண்டுவந்தது 1998 ஜனவரியில். ஆக, பெட்டி அச்சானது நிச்சயம் அதற்குப் பிறகுதான். கையேடு பழைய இருப்பிலிருந்து வந்திருக்கிறது. முதல் பதிப்பை மட்டும் ஸ்கேன் செய்து வைத்தால் இந்தச் சங்கதி யாருக்குத் தெரியும்?

கறுப்புலேபிள்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், நன்றி.

விஷயம் ரொம்பச் சின்னது. ‘ஈ’ பெட்டிக்குள் ‘கே-ஏ’ கையேடு இருந்தால் அது கலப்புப் பிரதி. யாரோ ஒருவர் நல்ல நிலையில் இருந்த முதல் பதிப்புக் கையேட்டை எடுத்து மறுவெளியீட்டுப் பெட்டியில் வைத்து விற்றிருக்கிறார். பழைய பொருள் சந்தையில் தினமும் நடப்பதுதான் இது. அதைப் போய் ‘பழைய இருப்பு’ என்று ஆவணத்தில் ஏற்றினால் ஆவணமே கெட்டுப்போகும்.

அட்டைப்பெட்டி:
யாரோ மாற்றி வைத்தார் என்று சொல்கிறீர்களே, பார்த்தீர்களா? நூல் தைத்தது போல் இரண்டு ஸ்டேபிள், ஒரு துளிகூடத் துருவில்லை. எச்சரிக்கைக் குறிப்பேடு, பதிவு அட்டை, சுவரொட்டி எல்லாம் ஒரே மடிப்பில், கையேட்டோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள். சந்தா விளம்பரத் தாளில் இருக்கும் ஆட்டங்கள் எல்லாமே 1998-ஐ ஒட்டியவை. மாற்றி வைத்தவர் அதையும் தேடிப் பிடித்து வைத்தாரா?

கறுப்புலேபிள்:
உறை ஒட்டியிருந்ததா, திறந்திருந்ததா?

அட்டைப்பெட்டி:
அந்த உறை எப்போதுமே வாய் திறந்ததுதான். பெட்டியைக் கையில் பிடித்துப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

கறுப்புலேபிள்:
அப்படியானால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். முடிந்தது கதை. ‘ஈ’ பெட்டி, ‘கே-ஏ’ கையேடு, கலப்பு.

மெமரிகார்டு:
இடையில் வருகிறேன், இரண்டு பேரும் மன்னிக்கணும். ‘ஈ’ இருந்தால் 1998-க்குப் பிறகு என்பது சரி. ஆனால் ‘கே-ஏ’ இருந்தால் 1998-க்கு முன்பு என்று சொல்லிவிட முடியாதே. பழைய அச்சுத் தகட்டையே பிறகும் ஓட்டியிருக்கலாம். முத்திரை ஒரு பக்கத்துக்குத்தான் எல்லை போடும்.

ஃபைனல் ஃபேன்டசி 7-இன் அமெரிக்கப் பதிப்பைப் பாருங்கள். பின்னட்டையில் ‘மாஸ்டர்பீஸ்’ என்ற சொல்லை எழுத்து மாற்றி அச்சடித்த பிரதிகளும் உண்டு, திருத்திய பிரதிகளும் உண்டு. இரண்டும் கிரேட்டஸ்ட் ஹிட்ஸின் பச்சைப் பட்டை வராத பிரதிகள்தான். கறுப்புலேபிள் சொல்லும் ‘முதல் பதிப்பு’ எது? எதை ஸ்கேன் செய்தால் ‘போதும்’?

கறுப்புலேபிள்:
அதை வேறு இழையில் பேசலாம். நான் கேட்டது ‘ஈ’ பெட்டிக்குள் ‘கே-ஏ’ கையேடு எப்படி வந்தது என்று.

வெள்ளித்தட்டு:
ஐரோப்பாவில் பிளேஸ்டேஷனின் மலிவு மறுவெளியீடான பிளாட்டினம் பதிப்பு என்றால் வெள்ளி நிற அட்டை. பெட்டி முழுக்க வேறு வடிவமைப்பு. கையேட்டில் பாதிக்கு மேல் வண்ணம் போய் கறுப்பு வெள்ளையாக வந்த ஆட்டங்களும் இருக்கின்றன. அதைப் பதிவு செய்யாமல் விட்டால், மலிவுப் பதிப்பு வாங்கிய பிள்ளைகள் கையில் உண்மையில் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போகும். ஆட்டத்தை முழு விலைக்கு வாங்கியவர்களைவிட மலிவுப் பதிப்பில் சந்தித்தவர்கள்தான் எங்கள் வட்டத்தில் அதிகம். அவர்களுடைய கையேடு இரண்டாந்தரமா?

கறுப்புலேபிள்:
இரண்டாந்தரம் என்று நான் எங்கே சொன்னேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஸ்கேன் செய்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஜப்பானில் மட்டும் வந்து இன்னும் ஒரு பக்கம்கூட ஸ்கேன் ஆகாத கையேடுகள் குவிந்து கிடக்கின்றன. அதை விட்டுவிட்டு மஞ்சள் பட்டைக்கு ஒரு தடவை, சிவப்புப் பட்டைக்கு ஒரு தடவை என்று உட்கார்ந்தால் எப்போது கரையேறுவது? தம்பி அட்டைப்பெட்டி, ஆர்வம் நல்லது. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது.

அட்டைப்பெட்டி:
என்னைத் தம்பி என்று கூப்பிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? வயதைக் காட்டி வாதத்தை மூட வேண்டாம். 

வரிசை என்கிறீர்கள், சரி. 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் வந்த பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று சந்தையில் வாங்கக் கிடைப்பதில்லை. ஆட்டத்துக்கே அந்தக் கதி என்றால் அதோடு வந்த மடித்த தாளுக்கு என்ன கதி? கார்ட்ரிட்ஜை எல்லாரும் வைத்துக்கொள்வார்கள். பெட்டியை அன்றைக்கே கிழித்தார்கள். பதிவு அட்டையை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தா தாள் குப்பைக்குப் போனது. மறுவெளியீடு என்றால் இன்னும் மோசம், அதைச் சேகரிப்பவர்களே ‘மலிவு’ என்று ஒதுக்குகிறார்கள். முதல் பதிப்பைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அழிந்துகொண்டிருப்பது இதுதான். வரிசை போட்டால் இது முன்னால் வர வேண்டும்.

கறுப்புலேபிள்:
பேச்சு நன்றாக இருக்கிறது. ‘ஈ’ பெட்டிக்குள் ‘கே-ஏ’ கையேடு எப்படி வந்தது?

சும்மாவந்தேன்:
ஆட்டத்தை விளையாடுங்கப்பா. அட்டைக்கு இவ்வளவு சண்டையா? ரோம் (ஆட்டத்தின் நகல் கோப்பு) இருந்தால் போதாதா?

மெமரிகார்டு:
போதாது. மெட்டல் கியர் சாலிட் (1998) விளையாடியிருக்கிறீர்களா? மெரில் என்ற பாத்திரத்தைத் தொடர்புகொள்ளும் அலைவரிசை 140.15 ஆட்டத்துக்குள் சொல்லப்படாது. சிடி உறையின் பின்னட்டையைப் பார் என்பார்கள். அங்கே அச்சடித்த படத்தில்தான் எண் இருக்கும். ஸ்டார்ட்ராபிக்ஸில் (1990) பெட்டியோடு ஒரு கடிதம் வரும். அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும். வாடகைக்கு எடுத்து, கடிதம் இல்லாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். நின்டெண்டோ வீ-யில் பழைய ஆட்டங்களைத் தரவிறக்க விற்ற வர்ச்சுவல் கன்சோலில் அதை மறுபடி விட்டபோது, திரையில் வரும் கையேட்டிலேயே கடிதத்தை வாளித் தண்ணீரில் முக்கும்படி செய்து வைத்தார்கள். மறுவெளியீடு செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தாள் இல்லாமல் ஆட்டம் இல்லை என்று.

சும்மாவந்தேன்:
இரண்டு ஆட்டத்துக்காக எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்யணுமா?

அட்டைப்பெட்டி:
எந்த இரண்டு என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரியுமா?

நள்ளிரவுகேமர்:
நான் அட்டைப்பெட்டி பக்கம்தான், ஆனால் ஒன்று. அவர் போன மாதம் ஏற்றிய கையேட்டு ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் முழுக்க அலையலையாகக் கோடு. 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்திருக்கிறார். ஆஃப்செட் அச்சின் புள்ளிகளோடு அது மோதினால் அப்படித்தான் வரும். 600-இல் எடுத்து, திருத்தாத டிஃப் கோப்பை அப்படியே வைக்கணும். புள்ளியை மழுப்புவதெல்லாம் பிறகு, நகலில். ஜேபெக்கில் சேமித்து, அதைத் திறந்து, மறுபடி ஜேபெக்கில் சேமித்து… இதற்குப் பெயர் காப்பாற்றுவது இல்லை.

அட்டைப்பெட்டி:
அது மற்றவர் அனுப்பிய கோப்பு. நான் எடுப்பதெல்லாம் 600.

நள்ளிரவுகேமர்:
அதில் உங்கள் முத்திரைதான் குறுக்கே போட்டிருந்தது.

வெள்ளித்தட்டு:
ஆஹா, முத்திரை பற்றிப் பேச்சு வந்துவிட்டதா! பிளாட்டினம் அட்டைகளை நான் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் என் ஸ்கேன் மேல் வேறொருவர் பெயர் தண்ணீர்க்குறியாக நிற்கிறது. அன்றிலிருந்து பொதுத் தொகுப்புக்கு எதையும் அனுப்புவதில்லை. யார் செய்தது என்று இங்கே இருக்கும் ஒருவருக்குத் தெரியும்.

கறுப்புலேபிள்:
என்னைத்தானே சொல்கிறீர்கள்? நேராகச் சொல்லுங்கள். தண்ணீர்க்குறி போட்டதே ஏலத் தளங்களில் திருடி விற்பதைத் தடுக்கத்தான். ஸ்கேனை வைத்து நகல் பெட்டி அச்சடித்து அசல் என்று விற்கிற கூட்டம் இருக்கிறது. துல்லியமான ஸ்கேனைப் பொதுவில் போடுவது அவர்களுக்கு அச்சுக்கோப்பைக் கையில் கொடுப்பது போல.

வெள்ளித்தட்டு:
அப்படியானால் உங்கள் பெயர் எதற்கு?

மெமரிகார்டு:
நகல்காரர்களைப் பிடிக்கவும் அதே ஸ்கேன்தானே வேண்டும்? அசலின் புள்ளி அமைப்பு, அட்டை மடிப்பு, ஓரக் குறியீட்டு எண் எல்லாம் பொதுவில் இருந்தால் வாங்குபவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். மறைத்து வைத்தால் லாபம் நகல்காரருக்கு.

இன்னொன்று. 2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மதிப்பெண் போட்டு. அதற்குள் எந்தக் கையேடு, எந்தத் தாள் என்று இனி ஒருவரும் பார்க்கப் போவதில்லை. கறுப்புலேபிள் கேட்கும் சான்று, பிரிக்காத பிரதியைப் பிரித்தால்தான் கிடைக்கும். விலை ஏற ஏற யார் பிரிப்பார்கள்?

அட்டைப்பெட்டி:
அதேதான்! இதைத்தான் சொல்ல வந்தேன். மறுவெளியீட்டுப் பிரதிகள் இன்னும் அவ்வளவாகக் கூட்டுக்குள் போகவில்லை. பிரிக்காத பிளேயர்ஸ் சாய்ஸ் பெட்டியைப் பிரித்தாலும் யாரும் அழ மாட்டார்கள். இப்போது பிரித்துப் பதிவு செய்தால்தான் உண்டு. பெட்டிக்குள் எது எந்த வரிசையில் அடுக்கியிருந்தது, உள் அட்டைத் தட்டு எந்தப் பக்கம் மடிந்திருந்தது, குறிப்பேட்டின் பின்பக்க மூலையில் என்ன எண், எல்லாவற்றையும் வெளியே எடுக்கும்முன் ஒரு படம், எடுத்தபின் ஒரு படம். கையேடு, பெட்டி, ஒவ்வொரு தாள், தனித்தனிப் பதிவு. எந்தப் பிரதியிலிருந்து, பிரித்ததா பிரிக்காததா, யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு வரி. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதலாம். கலப்பு என்று நினைப்பதைத் தூக்கிப் போட்டால் அப்புறம் அது கலப்பா இல்லையா என்று எவரும் கேட்கவே முடியாது.

கறுப்புலேபிள்:
‘யார் கையிலிருந்து வந்தது’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் ‘ஈ’ பெட்டி யார் கையிலிருந்து வந்தது?

அட்டைப்பெட்டி:
முதல் உரிமையாளரிடமிருந்து.

கறுப்புலேபிள்:
அவர் அப்படிச் சொன்னார்.

அட்டைப்பெட்டி:
அவர் பொய் சொன்னார் என்கிறீர்களா?

கறுப்புலேபிள்:
பிரிக்காத பிரதியில் ‘ஈ’ பெட்டிக்குள் ‘கே-ஏ’ கையேட்டைக் காட்டுங்கள் என்கிறேன். காட்டும்வரை அது கலப்பு.

நள்ளிரவுகேமர்:
300 டிபிஐ விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளித்தட்டு:
தண்ணீர்க்குறிக்கும்.

சும்மாவந்தேன்:
ஸ்டேபிளைக் கழற்றித்தான் ஸ்கேன் செய்வீர்களா? கழற்றினால் அதுவும் அசல் இல்லை என்று இவர் சொல்ல மாட்டாரா?

மெமரிகார்டு:
கழற்ற வேண்டாம். நடுப் பக்கத்தைக் கண்ணாடியில் அழுத்தினாலே மடிப்பு உடைந்துவிடும். விரித்து வைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள், வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக.

கறுப்புலேபிள்:
கேமராவில் எடுத்தது ஸ்கேன் ஆகாது.

மெமரிகார்டு:
ஓ, இப்போது அதுவுமா?

அட்டைப்பெட்டி:
மேலே உறை, குறிப்பேடு, சந்தா தாள், ஸ்டேபிள் நான்கின் படத்தையும் 600-இல் ஏற்றியிருக்கிறேன், எந்த முத்திரையும் இல்லாமல். ஸ்டேபிள் துளையைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டாம் தடவை குத்திய தடம் எங்காவது இருக்கிறதா?

கறுப்புலேபிள்:
கையேட்டை மாற்ற ஸ்டேபிளைக் கழற்ற வேண்டியதே இல்லை. முழுக் கையேட்டையும் எடுத்துவிட்டு வேறு கையேட்டை வைத்தால் போதும். பெட்டியில் ‘ஈ’, கையேட்டில் ‘கே-ஏ’. பிரிக்காத பிரதியின் படம் எங்கே?